ஊசல் சொன்ன உண்மை

இன்று உங்களோடு ஓர் எண்ணைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்த எண்ணுக்குள் முந்நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு அடங்கியிருக்கிறது. என் இளமைக் காலத்துப் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பிள்ளையொருவன் பௌதிகத்தில் பட்டம் பெற விரும்பினால் சென்னைக்கோ, பிற்காலத்தில் சிதம்பரத்துக்கோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டியிருந்தது. விடுதிச் செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும்? 1960-களின் இறுதியில் இந்நிலை மாறியது. இரண்டு ஊர்களிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் எழுந்தன. விழுப்புரத்துக் கல்லூரி அறிஞர் அண்ணாவின் பெயரையும், திண்டிவனத்துக் கல்லூரி அவரது அமைச்சரவையில் பணியாற்றிய திரு ஆ. கோவிந்தசாமியின் பெயரையும் இன்று தாங்கி நிற்கின்றன.

மல்லாட்டை பயிரிட்டு வாழ்ந்த எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதற்பிள்ளை நான். 1977-ல் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் இளம் அறிவியல் வகுப்பிற் சேர்ந்தேன். மயிலம் நிலையத்தில் காலை வண்டியைப் பிடித்தால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். பாடநூல்கள் கடினமாகவே இருந்தன. ஆய்வுக்கூடத்தைக் கண்டாலோ அச்சம் மிகுதி. பித்தளைக் கருவிகளைத் தொடுவதற்கே கை நடுங்கும்.

அந்நாளில் எனக்கு அளிக்கப்பெற்ற முதற் சோதனை தனி ஊசல். ஒரு மீட்டர் நீளமுள்ள நூலில் உலோகக் குண்டைத் தொங்கவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கவேண்டும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடவேண்டும். என் கடிகாரம் 40.2 வினாடி காட்டியது. கணக்கிட்டேன், விடை 977 வந்தது. புத்தகத்திலோ 981 என்றிருந்தது. இலண்டனில் அச்சான புத்தகம் பொய் சொல்லுமா? பிழை என் கையில்தான் என்று முடிவு கட்டினேன். 40.2 என்பதை அழித்து 40.1 என்று எழுதினேன். விடை 982 ஆயிற்று. மனநிறைவோடு ஏட்டை நீட்டினேன்.

ஆசிரியர் அழித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தம்பி, 981 இலண்டனுக்கு உரிய எண். நம் ஊருக்கு 978-க்குச் சற்று மேல். நீ உண்மையை அழித்துவிட்டு அயலூர் எண்ணை எழுதியிருக்கிறாய்” என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆயினும் அன்று நான் நாணித் தலைகுனிந்தேன்.

ஊருக்கு ஊர் எண் மாறுவதேன்? இங்கேதான் வரலாறு வருகிறது. 1672-ல் ழான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலார், தென்னமெரிக்காவில் நிலநடுக்கோட்டின் அருகேயுள்ள கயேனுக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ரிஷே கடிகாரத்தைக் குறை கூறி ஒதுக்கிவிடவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதினார். 1687-ல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் அதற்கு விளக்கம் தந்தார். புவி சுழல்வதால் நடுக்கோட்டில் எடை சற்றுக் குறைகிறது. மேலும் புவி நடுவிற் புடைத்திருப்பதால் அங்கு மையத்திலிருந்து தொலைவும் மிகுதி. ஆகவே துருவத்தில் 983 ஆக உள்ள எண், நடுக்கோட்டில் 978 ஆகக் குறைகிறது.

இவ்வாராய்ச்சியில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 1802-ல் லாம்டன் என்னும் படை அதிகாரி பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, கடலூர்ப் பக்கம் வரை முக்கோணங்களை விரித்துப் புவியின் வளைவை ஆராய்ந்தார். திண்டிவனம் அமைந்துள்ள நிலப்பகுதி அந்த வழியில்தான் இருக்கிறது. 1821-ல் சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்காம், ஊசலைக் கொண்டு சென்னைக்குரிய அளவைக் கண்டார். மறு ஆண்டில் இலண்டன் அரச கழகம் அதை வெளியிட்டது. நான் அழித்த எண்ணைப் போன்றதொரு எண்ணுக்காக அறிஞர்கள் கடல் கடந்து வந்திருக்கிறார்கள்!

நிற்க. என் 977 மிகச் சரியானது என்று சொல்ல வரவில்லை. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் விடை ஐந்து எண் நகர்ந்துவிடுகிறது. 977-க்கும் 981-க்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கடிகாரத்தால் தீர்மானிக்க இயலாது. அதையும் அந்த ஆசிரியரே எனக்கு உணர்த்தினார். கண்டதை எழுது; உன் கருவி எவ்வளவு பிசகும் என்பதையும் எழுது. மூன்றாண்டுப் படிப்பின் சாரம் இவ்விரண்டே என்பேன்.

சர் சி. வி. இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, ஒளியைச் சாய்வாக விழச்செய்து நிறமாலைமானியில் நோக்கினார். இருபுறமும் ஒத்திருக்குமென்று எதிர்பார்க்கத்தக்க பட்டைகள் ஒவ்வாதிருந்தன. அவர் அதை மறைக்கவில்லை. 1906-ல் இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் அது அவருடைய முதற் கட்டுரையாக வெளிவந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

பட்டம் பெற்றேன், ஆசிரியப் பயிற்சி முடித்தேன், தலைமையாசிரியனாக ஓய்வும் பெற்றேன். என் மாணவர் ஏட்டில் தவறான விடையைக் கண்டு நான் சினந்ததில்லை. அழித்த தடத்தைக் கண்டபோது மட்டும் அவரை அருகே அமர்த்தி, இக்கதையைச் சொல்லியிருக்கிறேன். மீண்டும் ஊசலை ஆட்டச் செய்திருக்கிறேன்.

நாளை நீங்களும் ஆய்வுக்கூடத்தில் நிற்பீர்கள். உங்கள் எண் புத்தகத்தோடு பொருந்தாமற் போகலாம். அப்போது அழிப்பானை எடுக்காதீர்கள். இன்னொரு முறை அளந்து பாருங்கள்.