ஹொலுப்ட்சி

ஹொலுப்ட்சி (பன்மை, ஒருமை: ஹொலுபெட்ஸ்): வெந்நீரில் வாட்டிய முட்டைக்கோஸ் இலையில் பூரணம் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் மெல்லக் கொதிக்கவிடும் உக்ரைன் வீட்டுப் பண்டம்.

உக்ரைனிய மொழியில் ‘ஹொலுப்’ என்றால் புறா; ஹொலுபெட்ஸ் அதன் சிறுமை வடிவம். சிறகை ஒடுக்கி அமர்ந்த புறாவைப் போலச் சுருள் இருப்பதால் இப்பெயர் என்பர். செல்வர் வீட்டுப் புறாக்கறிக்கு மாற்றாக வந்தது என்பாரும் உண்டு. இதே பண்டத்துக்குப் போலந்தில் வழங்கும் ‘கொவொம்ப்கி’ என்ற பெயரும் புறாவைக் குறிப்பதுதான். ருமேனியர் இதுபோன்ற சுருளுக்கு இட்ட ‘சர்மாலே’ என்ற பெயர் வேறு வழியில் வந்தது. சுற்றுதல், பொதிதல் எனப் பொருள்படும் ‘சர்மக்’ என்ற துருக்கிய வினையே அதற்கு மூலம்.

இலை நடுவே ஓடும் தடித்த நரம்பைக் கத்தியால் சீவிவிட்டால்தான் உடையாமல் மடங்கும். உள்ளே அரிசியும் கொத்திய பன்றி இறைச்சியும் வைப்பது பொது வழக்கம். கார்பாத்திய மலைப்பகுதியில் அரிசிக்குப் பதில் மக்காச்சோளக் குருணையும் இடுவார்கள். உப்பிலிட்டுப் புளிக்கவைத்த இலையிலும் சுருட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு உணவில் மரபுப்படி 12 பதார்த்தங்கள், எல்லாம் இறைச்சி இல்லாதவை. அன்று ஹொலுப்ட்சிக்குள் காளானோ, பக்வீட் என்னும் தானியமோ, துருவிய உருளைக்கிழங்கோ இருக்கும். மற்ற நாட்களில் மேலே ‘ஸ்மெத்தானா’ என்ற புளித்த பாலேட்டை ஊற்றிப் பரிமாறுவார்கள்.