சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தல், 2011

2011 மே 7 அன்று நடந்த சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தலில் வீடு, போக்குவரத்து, குடியேற்றம் மூன்றும் ஒரே பிரச்சினையாகப் பிணைந்து நின்றன. 2000இல் சுமார் 40 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010இல் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டு விலை ஏறியது. எம்ஆர்டி என்னும் நகர விரைவு ரயில்களில் நிற்க இடமில்லை. ஆள் வந்த வேகத்தில் வீடும் ரயிலும் வரவில்லை என்பதே வாக்காளரின் கோபம்.

பிரச்சாரத்தின்போதே அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அரசின் தவறுகளுக்காகப் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். அந்நாட்டு அரசியலில் இது அபூர்வம்.

ஆளும் மக்கள் செயல் கட்சி 87இல் 81 இடங்களை வென்றும், அதன் வாக்கு 60.1 விழுக்காடாகச் சரிந்தது. பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் அல்ஜூனிட் குழுத்தொகுதியை எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி கைப்பற்றியது. அங்கே போட்டியிட்ட வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோ தோற்றார். தேர்தலுக்குப் பின் வீடமைப்பு, போக்குவரத்துத் துறைகளின் அமைச்சர்கள் அமைச்சரவையிலிருந்து விலகினர்.