எண்ணூர், திருவொற்றியூர் ஊர்தி ஆலைகளின் உருவாக்கத்தில் அரசின் பங்கு

இந்திய ஊர்தித் தொழிலின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர்களின் தொலைநோக்கைப் பற்றிய வரலாறாகவே எழுதப்படுகிறது. வடசென்னையின் இரு ஆலைகளைப் பொறுத்தவரை இப்பார்வை பாதி உண்மையே. முதலீடு தனியாருடையது, எதை, எந்த நிபந்தனையில் உற்பத்தி செய்வது என்பதை வகுத்தது அரசு.

ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்பெயர் அவருடைய மகனுடையது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களை இணைத்து ஆஸ்டின் ஏ40 கார்களை உருவாக்குவதே எண்ணூர் ஆலையின் தொடக்கப் பணி. இத்தகைய தொழிலுக்குத் துறைமுகத்தின் அண்மை போதும். வார்ப்பாலையோ கருவிக்கூடமோ தேவையில்லை. இந்நிலையை மாற்றியது சந்தையன்று. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் உடைய நிறுவனங்களுக்கே இனி இடமுண்டு என்ற கொள்கையைச் சுங்கத் தீர்வை ஆணையத்தின் 1953ஆம் ஆண்டு அறிக்கை உறுதிப்படுத்தியது. அத்தகைய திட்டமில்லாத ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. எண்ணூரோ லேலண்ட் காமெட் சரக்குந்துகளைப் படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்ய 1954இல் அரசின் ஒப்புதலைப் பெற்றது. மறு ஆண்டே அசோக் லேலண்ட் ஆயிற்று.

திருவொற்றியூரிலும் இதே போக்கைக் காணலாம். எல்லைச் சுற்றுக்காவலுக்குத் தரைப்படை வாங்கிய 350 சிசி புல்லட்டுகளே 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாக வழிவகுத்தன. முதல் வாடிக்கையாளர் அரசே.

இவ்விடத்தில் போலந்தை ஒப்பிடுவது பயனுடையது. 1960களில் அந்நாடும் லேலண்டிடமே உரிமம் பெற்று, அரசு ஆலைகளில் டீசல் எந்திரங்களைத் தயாரித்தது. யெல்ச் சரக்குந்துகள் அவற்றால் ஓடின. அங்கே உரிமையாளரும் அரசு. எண்ணூரில் அரசு அனுமதி வழங்குவதாகவும், பின்னர்ப் போக்குவரத்துக் கழகங்களின் வழியே பேருந்துகளை வாங்குவதாகவும் நின்றது. 1975இல் பிரிட்டிஷ் லேலண்டே அந்நாட்டு அரசின் கைக்குச் சென்றதால், சோசலிசம், முதலாளியம் என்ற எளிய பிரிப்பு இத்தொழிலுக்குப் பொருந்துவதில்லை.

உரிமம் பெற்றோர் அதை வழங்கியோரைக் கடந்து வாழ்ந்தனர். ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது; 1977இல் திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாயின. ஆனால் பாகங்கள் உள்நாட்டிலேயே உருவாகத் தொடங்கியபின் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் இருந்த பிணைப்புத் தளர்ந்தது. 2013இல் ராயல் என்ஃபீல்டின் புதிய ஆலை கடற்கரையிலன்றி ஒரகடத்தில் எழுந்தது.