மூட்டுவாய் காட்டும் வரலாறு

ஆடையைக் காண்பவர் கண் முதலில் நிறத்தில் நிற்கும். அடுத்துக் கரையில் நிற்கும். இரண்டு துணிகள் கூடும் இடத்தைத் தேடிப் பார்ப்பவர் அரியர். அவ்விடத்திற்கு மூட்டுவாய் என்று பெயர். உடுத்தியவர் எந்நிலையினர், எக்காலத்தவர், அவருக்குத் துணி தாராளமாகக் கிடைத்ததா அன்றா என்பவற்றை நிறத்தைவிட மூட்டுவாயே தெளிவாகக் கூறும். கணிப்பொறியில் மனித உருவங்களை வனையும் கலை பெருகியுள்ள காலம் இது. ஈப்போவில் அசைபடக் கலைக்கென்றே ஒரு பூங்கா 2017-இல் திறக்கப்பட்டு 2020-இல் மூடப்பட்டது. பூங்கா மூடினாலும் கலை நிற்கவில்லை. பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களையும் அவற்றில் வாழ்ந்த தமிழரையும் அக்கலையால் உருவாக்க முனைவோர் முதலில் அறிய வேண்டுவது, ஆடையில் தையல் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதே.

சொல் தரும் சான்று

தைத்தல் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. துன்னுதல் என்பது அதற்குரிய பழஞ்சொல். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது, துணி தைப்போரைத் துன்னகாரர் என்று கூறி, தோல் தைப்போரை அவரினின்றும் பிரித்துக் காட்டுகிறது. முல்லைப்பாட்டோ யவனக் காவலர் அணிந்த சட்டையை மெய்ப்பை என்கிறது. மெய்யை இட்டு வைக்கும் பை என்பது பொருள். தைத்த மேலாடை அயலாரின் அடையாளமாகத் தோன்றிய காலத்தில் பிறந்த சொல் அது.

பொருநராற்றுப்படை இன்னும் நுட்பமான செய்தி தருகிறது. கரிகாலனை நாடிச் சென்ற பொருநன் உடுத்தியிருந்தது, வியர்வையில் நனைந்து, வேற்று நூல்கள் நுழைந்து, ஒட்டுப் போட்டுத் தைத்த கந்தை. அரசன் அதனைக் களைந்து அளித்ததோ, இழை சென்ற வழியைக் கண்ணால் தொடர இயலாத நுண்ணிய ஆடை. வறியவன் உடையில் தையல் துருத்தி நிற்கிறது; செல்வர் உடையில் இழைகூடத் தெரிவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் புலவர் ஊசியின் தடத்தைக் கொண்டு வாழ்க்கை நிலையை அளந்திருக்கின்றனர்.

சிற்பியின் கண்

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ஆடை உடலோடு ஒட்டிக் கிடக்கும். கரையும் கொசுவமும் கீறல் கோடுகளாலும் மெல்லிய விளிம்புகளாலும் காட்டப்பெறும். ஆங்கே மூட்டுவாய் இராது. வேட்டியும் சேலையும் தையாத உடைகள் ஆதலின், இல்லாததைச் சிற்பி காட்டவில்லை. அசந்தா ஓவியங்களிலோ தைத்த சட்டை அணிந்தோர் காணப்படுகின்றனர். திருமலைக் கோயிலில் நிற்கும் கிருஷ்ணதேவராயர் செப்புப் படிமத்தின் தலையில் உயர்ந்த குல்லாய் இருக்கிறது. அழகுக்காக ஒரு கோட்டைக் கூட்டாமலும் சோம்பலால் ஒரு கோட்டைக் குறைக்காமலும் கண்டவாறு காட்டியதே அக்கலைஞரின் நேர்மை.

கணிப்பொறியின் வழி

கணிப்பொறியில் வனையும் உருவத்திற்கு முதலில் ஆடையே கிடையாது. உடலின் மேற்பரப்பே நிறம் மாறித் துணிபோல் நடிக்கும். வளைந்த பரப்பின்மீது ஒரு படத்தைப் போர்த்தும் முறையை 1974-இல் எட்வின் கேட்மல் வகுத்தார். 1978-இல் ஜேம்ஸ் பிளின் என்பார் பரப்பை மாற்றாமலே, ஒளி படும் கோணத்தை மட்டும் மாற்றிக் கணக்கிட்டு, சுருக்கமும் மேடுபள்ளமும் இருப்பதுபோல் தோன்றச் செய்தார். தையல் வரியும் நூலின் புடைப்பும் இவ்வழியே உருவங்களில் ஏறின. இது சிற்பியின் கீறல் கோட்டிற்கு உறவானது. பின்னர், துணியைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டி, ஓரங்களை இணைத்து, உடல்மேல் விழச் செய்து கணக்கிடும் மென்பொருள்கள் தோன்றின. இது தையற்காரரின் வழி.

எவ்வழியாயினும், தையலை மெய்யாக்குவன சில உண்டு. மூட்டுவாயின் இருபுறமும் துணி சிறிதே சுருங்கி அலையலையாக நிற்க வேண்டும். மடிப்பால் தடித்த இடம் உராய்ந்து முதலில் வெளுக்க வேண்டும். கைத்தையல் இடைவெளி ஒவ்வாமல் ஓடும். பொறித்தையலோ மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பின்னிப் பிடிப்பதால் இருபுறமும் ஒரே சீராக இருக்கும். சிங்கர் தம் தையற்பொறிக்கு உரிமை பெற்றது 1851-இல். அதற்கு முற்பட்ட காலத்து மாந்தருக்குச் சீரான பொறித்தையல் இட்டால், அது காலத்தைப் பொய்யாக்கும்.

அரண்மனையும் லயமும்

பேராக்கின் கோலகங்சாரில் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877-இல் ரப்பர்க் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின; தமிழர் ஆயிரக்கணக்கில் வந்தனர். பால்வெட்டச் சென்ற பெண்கள் சேலை அல்லது கைலியின்மேல் ஆடவரின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துணி கட்டுவது வழக்கம். இம்மூன்றும் மூன்று வகை. சேலைக்கு மூட்டுவாய் இல்லை. கைலிக்கு ஒன்றே உண்டு. இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதையே மூட்டுதல் என்பர். சட்டைக்குத் தோள், கை, பக்கம், கழுத்து எனப் பல. இவற்றோடு ரப்பர்ப் பால் தெறித்துக் காய்ந்து கறுத்த கறையும் உண்டு. அது துவைத்தாலும் போகாதது.

1941 இறுதியில் சப்பானியர் படையெடுத்தனர். துணி இறக்குமதி நின்றது. 1945 வரை நீடித்த அந்நாட்களில் தோட்ட மக்கள் கோணிச் சாக்கை உடுத்தினர். ரப்பர்த் தகட்டையும் உடையாக்கினர். கோணியின் நெசவு நெருக்கமற்றது. வெட்டிய ஓரம் பிரிந்துபோகும். மடித்துத் தைத்தாலன்றி நில்லாது. அந்த முரட்டுத் தையல் அணிசெய்ய எழுந்ததன்று, மானம் காக்க எழுந்தது.

அதே கோலகங்சாரில் தெக்காட் என்னும் மலாய்ப் பொன்னூல் வேலை புகழ்பெற்றது. வெல்வெட்டின்மேல் அட்டை வடிவத்தை வைத்து, அதன்மேல் பொன்னூலை இட்டு, வேறொரு மெல்லிய நூலால் விளிம்பில் பிடித்துத் தைப்பர். பொன்னூல் துணியை ஊடுருவுவதில்லை. பிடித்திருக்கும் நூலும் கண்ணில் படுவதில்லை. ஓர் ஊர்ப்புறத்திலேயே அரண்மனையில் தையல் மறைந்தும், லயத்தில் துருத்தியும் நின்றது. பொருநராற்றுப்படை கண்ட வேறுபாடு இதுவே அன்றோ!

தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பொன்னூல் வேலையைப் பேழையில் வைத்துக் காப்பவர் உளர். கந்தையைக் காப்பவர் அரியர். அது உடுத்திக் கிழிந்து, ஒட்டுப் போட்டுக் கிழிந்து, முடிவில் துடைப்புத் துணியாகி அழிந்தது. ஆகவே, முதியோர் நினைவிலிருந்து கேட்டறிந்து கணிப்பொறியில் வனையும் உருவமே அந்த ஆடைக்கு எஞ்சும் இடமாகலாம். அங்கே கோணிக்குச் சீரான பொறித்தையலும், பால்வெட்டும் பெண்ணுக்குக் கறையற்ற சட்டையும் இடுவது பிழை மட்டுமன்று. அவர் பட்ட பாட்டை மறுப்பதுமாகும். பொருநன் கந்தையில் நுழைந்த வேற்று நூலைப் புலவர் விடாமல் குறித்தமையால்தான் அவன் வறுமை இன்றும் அறியப்படுகிறது. தோட்டத்துத் தாயின் சட்டையிலும் அந்நூல் விடுபடலாகாது.