வைக்கோல் திரும்பி வந்த வழி

திருவள்ளூர் பக்கத்துச் செவ்வாப்பேட்டை நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி ஊரைத் தாண்டி நடந்தால், அறுவடை முடிந்த வயல் ஒன்றாவது கண்ணில் படும். அறுவடை இயந்திரம் போன தடத்தில் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். மாடு வைத்திருப்பவர்கள் வந்து கட்டிக்கொண்டு போவார்கள். எடுக்க ஆள் வராத வயலில், அடுத்த நடவுக்கு நாள் நெருங்கிவிட்டால் நெருப்பு வைப்பதும் உண்டு. அதே வயலின் வாய்க்காலில் தெர்மாகோல் துண்டுகள் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கியிருக்கும். காற்றடித்தால் அவற்றிலிருந்து உதிர்ந்த மணிகள் வரப்போரம் உருளும்.

இந்த இரண்டுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. உடையும் பொருளை ஊர்விட்டு ஊர் காப்பாற்றிக் கொண்டுபோவது ஒரு காலத்தில் வைக்கோலின் வேலை. பானை வண்டியில் பானைக்கும் பானைக்கும் நடுவே வைக்கோல் இருக்கும். கண்ணாடி வளையல் பெட்டியிலும், அரிக்கன் விளக்குச் சிம்னி வந்த மரப்பெட்டியிலும், மாம்பழக் கூடையிலும் வைக்கோல்தான் மெத்தை. சாமானை எடுத்து வைத்த பிறகு அது மாட்டுக்குப் போகும். இல்லையென்றால் குப்பைக்குழிக்குப் போய் எருவாகும். அதன் கடைசி நாளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

1949-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்னி என்ற வேதியியலாளர் பாலிஸ்டைரீனைப் பொரி போல உப்பவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். நம் ஊரில் அதற்குத் தெர்மாகோல் என்று பெயர் நிலைத்தது. நூற்றில் 95 பங்குக்கு மேல் காற்று. எடையே இல்லை, எந்த வடிவத்திலும் வரும், விலையும் குறைவு. வைக்கோலின் வேலை போயிற்று. தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றிப் பத்து நாள் இருந்துவிட்டு, நம் ஆயுளையும் தாண்டி மண்ணில் கிடக்கும் பொருள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும் தடை. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மாகோலுக்குத் தடை. அட்டைப்பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் இந்தப் பட்டியல்களில் இல்லை.

வைக்கோல் தன் பழைய வேலைக்குத் திரும்ப ஒரு துணை தேவைப்பட்டது. அந்தத் துணை காளான். குடைபோல மேலே தெரிகிறதே, அது காளானின் பழம் மாதிரி. உண்மையான உடம்பு கீழே வெள்ளை இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. அதற்கு மைசீலியம் என்று பெயர். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை. அதற்கு வாய் கிடையாது. நொதியை வெளியே கசியவிட்டு, வைக்கோலைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அப்படித் தின்றபடியே துண்டுக்குத் துண்டு தாவி, எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னிவிடும். இழையின் சுவரில் கைட்டின் இருக்கிறது. பழவேற்காட்டு இறாலின் ஓட்டுக்கு உறுதி தருவதும் அதே பொருள்தான். நம் முன்னோர் மண்சுவருக்குச் சேறு குழைத்தபோது வைக்கோலைப் போட்டு மிதித்தார்கள். அங்கே வைக்கோல் மண்ணைப் பிடித்துக்கொண்டது. இங்கே காளான் வைக்கோலைப் பிடித்துக்கொள்கிறது.

இதைப் பற்றிப் படித்தது போதாமல், காளான் பின்னிய கட்டி ஒன்றை நானே வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மதுரையில் இருக்கும் தங்கைக்கு அம்மாவின் ஊறுகாய் ஜாடியை அனுப்ப வேண்டியிருந்தது. வெள்ளையும் பழுப்புமான பழைய பீங்கான் ஜாடி. அதற்கு ஒரு மெத்தை செய்வோம் என்று தொடங்கினேன்.

பக்கத்தில் சிப்பிக் காளான் குடில் வைத்திருக்கும் அக்கா ஒருவர் வித்துப்பை கொடுத்தார். வேகவைத்த சோளத்தில் வெள்ளை இழை படர்ந்திருந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்து, கோ 1, எம்.டி.யு. 1 என்று ரகங்களும் தந்ததால், இந்தக் கைத்தொழில் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. வைக்கோலை இரண்டு விரல்கடை நீளத்துக்கு நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்தினேன். அக்கா ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தார். “பிழிஞ்சு பாரு தம்பி. தண்ணி சொட்டக் கூடாது. உள்ளங்கை மட்டும் ஈரமாவணும்.” அவ்வளவுதான் அளவுகோல்.

முதல் தடவை தோற்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வைக்கோலைக் கிளறியதால் ஐந்தாம் நாள் ஒரு மூலையில் பச்சைப் பூசணம் வந்தது. இரண்டு நாளில் பாதிக் கட்டி பச்சை. அதை எருக்குழியில் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை இரண்டு பிளாஸ்டிக் பேசின் எடுத்துக்கொண்டேன். ஜாடியைப் பாலித்தீனில் சுற்றி, பாதி உடம்பு பதியும்படி வைத்துச் சுற்றிலும் வித்துக் கலந்த வைக்கோலை அழுத்தினேன். மறு பாதிக்கு அடுத்த பேசின். மேலே துளையிட்ட பாலித்தீனைப் போர்த்தி, இருட்டான சாமான் அறையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் ஒவ்வொரு சோளமணியைச் சுற்றியும் பஞ்சு. ஏழாம் நாள் பஞ்சும் பஞ்சும் தொட்டுக்கொண்டன. பதினான்காம் நாள் வைக்கோலின் பொன்னிறம் காணவில்லை. பேசின் முழுக்க ஆடை கட்டிய தயிர் போல வெண்மை. மழை விட்ட மரத்தடியின் வாசனை. பேசினைக் கவிழ்த்தேன். கட்டி முழுதாக வந்தது. ஜாடியின் கழுத்து, வயிறு, மூடியின் விளிம்பு எல்லாம் அதில் பதிந்திருந்தன.

அப்படியே விட்டால் அது மொட்டு விட்டுக் காளானாகிவிடும். அங்கேதான் நிறுத்த வேண்டும். இரண்டு நாள் வெயிலிலும், பிறகு கேக் சுடும் அடுப்பில் குறைந்த சூட்டிலும் காயவைத்தேன். சூட்டில் உயிர் அடங்கி, பின்னல் மட்டும் மிஞ்சும். காய்ந்த கட்டி எடையில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. விரலால் தட்டினால் காய்ந்த சுரைக்குடுக்கையின் சத்தம் வந்தது.

என் சாமான் அறையில் நடந்ததை உலகம் சுமார் 20 ஆண்டுகளாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ரென்சீலர் கல்லூரியில் படித்த ஈபன் பேயரும் கேவின் மெக்கின்டயரும் 2007-ல் எக்கோவேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பேயர் வளர்ந்தது பண்ணையில். மரச்சில்லுகளை வெள்ளை இழை கட்டிப்பிடித்திருப்பதைப் பார்த்ததுதான் விதை. சில ஆண்டுகளில் டெல் நிறுவனத்தின் கணினிகள் அவர்களுடைய காளான் மெத்தையில் பயணம் செய்தன. கலைஞர் ஃபிலிப் ராஸ் காளான் கட்டிகளை அடுக்கி 2009-ல் ஜெர்மனியில் ஒரு தேநீர்க் குடில் எழுப்பினார், நாற்காலிகளும் வளர்த்தார். 2014-ல் நியூயார்க்கில் கட்டடக் கலைஞர் டேவிட் பெஞ்சமினின் குழு சுமார் 10,000 காளான் செங்கற்களால் ஏறக்குறைய 40 அடி உயரக் கோபுரம் கட்டியது. சோளத்தட்டையும் மைசீலியமும்தான் அந்தச் செங்கல். கோடை முடிந்ததும் பிரித்து எருவாக்கினார்கள்.

நமக்கு அருகில் ஃபோர்ட் கொச்சியில், 2016-17 பியென்னாலே கலைக்காட்சிக் காலத்தில் ‘ஷெல் மைசீலியம்’ என்ற கூரை நின்றது. கட்டடக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து, தென்னை நார்க்கழிவில் பூஞ்சையை வளர்த்துச் செய்தார்கள். மேல் அடுக்கு வெயிலில் காய்ந்து இறந்து, அடியில் இருப்பதற்கு அதுவே போர்வையானது. வடக்கே தரக்ஷா என்ற நிறுவனம், பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் தாளடியை வாங்கிப் பொதி மெத்தையாக மாற்றுகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் லட்சுமிநாத் குந்தனாட்டியின் குழு இதே வேலையில் இறங்கியது. அட்டை, காகிதம், மரத்தூள், நார்க்கழிவு, வைக்கோல் என்று ஐந்து கழிவுகள். சிப்பிக் காளான், கானோடெர்மா என்று இரண்டு பூஞ்சைகள். எதை எதோடு சேர்த்தால் எவ்வளவு அழுத்தம் தாங்கும், எவ்வளவு நீர் குடிக்கும் என்று அளந்து 2025-ல் ஆய்வை வெளியிட்டார்கள். அட்டையில் வளர்ந்த கானோடெர்மா நன்றாக உறுதி காட்டியது. இதைச் சந்தைக்குக் கொண்டுபோக நேச்சர்வொர்க்ஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனமும் தொடங்கியிருக்கிறார்கள்.

கானோடெர்மா என்றால் தென்னந்தோப்புக்காரர்களுக்குப் பகீரென்று இருக்கும். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைத் தோப்புகளில் பரவி, தஞ்சாவூர் வாடல் என்று பெயர் வாங்கிய நோய் அந்த இனத்துப் பூஞ்சையால் வருவது. மரத்தை அரித்துத் தின்னும் திறமைதான் அட்டைத் தூளைக் கட்டிப்போடவும் உதவுகிறது. காயவைத்துக் கொன்ற பிறகு அது எந்தத் தோப்புக்கும் போகாது. அதனால்தான் சூளையில் காயவைப்பது இந்தத் தொழிலின் முக்கியமான படி.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டி தண்ணீரை உறிஞ்சும். மேற்பூச்சு இல்லாமல் மழையில் வைக்க முடியாது. செங்கல் தாங்கும் பாரத்தை இது தாங்காது. அதனால் சூட்டையும் சத்தத்தையும் தடுக்கும் சுவர்ப்பலகை, விளக்குக் கூடு, இறுக்கி அழுத்திய இருக்கைப் பலகை, பொதி மெத்தை ஆகியவை இதற்கேற்ற வேலைகள். தீப்பட்டால் தெர்மாகோல் போல உருகிச் சொட்டாது, கருகி நிற்கும். தெர்மாகோல் அச்சிலிருந்து சில நிமிடங்களில் வரும். இதற்கு ஒரு வாரமாவது வேண்டும். விலையிலும் இன்று தெர்மாகோல்தான் முந்துகிறது, அது முடித்த பிறகு வாய்க்காலைச் சுத்தம் செய்யும் செலவு அதன் ரசீதில் இல்லாததால்.

ஆனால் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தைப் பாருங்கள். பொன்னேரியிலும் திருவள்ளூரைச் சுற்றியும் நெல்வயல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் நாள்தோறும் அட்டைப்பெட்டியில் சரக்கு ஏற்றும் தொழிற்சாலைகள். நடுவில் காளான் குடில் நடத்தத் தெரிந்த கைகள். வயலுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே சில மணி நேர லாரிப் பயணம்கூட இல்லை. காளான் பறித்த பிறகு தூக்கிப்போடும் வைக்கோல் படுக்கைகளைக்கூட உலர்த்தி அழுத்திப் பலகையாக்க முயலலாம். ஒரு மகளிர் குழு குடிலையும், ஒரு சிறு தொழிற்கூடம் அச்சையும் சூளையையும் பார்த்துக்கொண்டால் போதும். இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு பொருளின் ஆயுள் அதன் வேலையின் ஆயுளுக்குப் பொருந்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கதவுக்குத் தேக்கு, நூறு வருஷம் நிற்கட்டும். பத்து நாள் பயணத்துக்கான மெத்தை சில மாதத்தில் மண்ணாகட்டும். வாழை இலையிலும் மந்தாரை இலையிலும் பொட்டலம் கட்டியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது.

ஜாடியை இரண்டு பாதிக் கட்டிக்குள் வைத்து, கயிறு கட்டி, லாரி பார்சலில் மதுரைக்கு அனுப்பினேன். கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. தங்கை அந்தக் கட்டியை நான்காக உடைத்து, நனைத்து, கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணைப் போட்டு மூடினாள். நாலைந்து மாதம் கழித்துப் போனபோது, குச்சியால் தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். கறுத்த மண்ணும் ஒரு மண்புழுவும் இருந்தன. அடுப்படி மேடையில் ஜாடி நிறைய நார்த்தங்காய் ஊறிக்கொண்டிருந்தது.