முன்பள்ளியின் பழங்கடன்

நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், பெரட்டு முடிந்ததும் தாய்மார் தம் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறும் வழக்கம் மிகப் பழையது. 1885-ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியபோது, தேயிலை இம்மலைகளில் காலூன்றிக்கொண்டிருந்தது. பழைய மடுவம் பிள்ளைகளைக் காத்துவைக்கும் இடமேயன்றிக் கற்பிக்கும் இடமன்று. இன்றோ அது சிறுவர் அபிவிருத்தி நிலையமென்று பெயர் பெற்றுள்ளது. அங்கும் அருகிலுள்ள முன்பள்ளிகளிலும் மர உருவங்களும் தடவி அறியும் எழுத்துகளும் காணப்படுகின்றன.

அம்மர உருவங்கள் யாருக்காக முதலில் செய்யப்பட்டன?

1800-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து பேச்சற்ற சிறுவன் ஒருவன் வெளிப்பட்டான். விக்தோர் எனப் பெயரிடப்பட்ட அவனைத் திருத்தவியலாதவன் என்றனர் அறிஞர். இத்தார் என்னும் இளம் மருத்துவர் மட்டும் அவனைக் கூர்ந்து நோக்கினார். பொருள்கள் தத்தம் இடத்தில் இருத்தல் வேண்டுமென அவன் விடாப்பிடியாக நிற்பதைக் கண்டார். அந்தப் பிடிவாதத்தையே பாடமாக்கி, வண்ண உருவங்களையும் எழுத்துகளையும் ஒழுங்குபடுத்தப் பழக்கினார். விக்தோரிடம் ஓட்டிசம் இருந்திருக்கலாமெனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இத்தாரின் முறையைச் செகேன் வளர்த்தார். இவ்விருவர் நூல்களையும் தம் கைப்பட எழுதிக் கற்ற மரியா மொண்டிசோரி அம்மையார், ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் அம்முறையைக் கையாண்ட பின்னரே, 1907-இல் உரோமாபுரியில் ஏனைய குழந்தைகளுக்கும் அதனை வழங்கினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், 1944-இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். முன்பள்ளியையே 'மொண்டிசோரி' என்றழைக்கும் வழக்கம் இந்நாட்டில் நிலைத்துவிட்டது.

அவ்வாண்டுகளிலேதான் ஓட்டிசமும் மருத்துவ உலகில் தெளிவுபெற்றது. 1943-இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1944-இல் வியன்னாவில் ஆஸ்பெர்கர் எழுதினார். ஆயின் பழி தாயின்மேல் விழுந்தது. தாயின் அன்பின்மையே காரணமென்று 1967-லும் பெத்தல்ஹைம் நூல் எழுதினார். பொழுது புலர்ந்ததும் பிள்ளையைப் பிரிந்து மலையேறும் தோட்டத்துத் தாய்க்கு இதனினும் கொடிய சொல் உண்டோ? அக்கொள்கை பிழையென்பதை, தாமே அத்தகைய மகனைப் பெற்றிருந்த ரிம்லண்டு 1964-லேயே எடுத்துக்காட்டியிருந்தார். 1972-இல் வட கரோலினாவில் ஷோப்லர் தொடங்கிய திட்டம் பெற்றோரை உடனாசிரியராக்கியது. அன்றைய நாளின் நிகழ்ச்சிகளைப் படவரிசையாகக் குழந்தையின் கண்முன் வைத்தது.

இம்முறைக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. மலைநாட்டு மழை தகரக் கூரையில் இரையும்போது ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறி வெளியே ஓடுகிறது. அதனை அடமென்று கொண்டு அடிப்பது எளிது. அடித்தபின் மழைக்கும் அஞ்சும், ஆசிரியைக்கும் அஞ்சும். அலறலுக்கு முன் நேர்ந்தது யாதென்று குறித்துவைக்கும் ஆசிரியையோ, வானம் கறுக்கும்போதே அதனை இரைச்சல் குறைந்த மூலைக்கு அழைத்துச் செல்வாள். விளையாட்டு முடியப்போவதைச் சற்று முன்னரே படத்தைக் காட்டி உணர்த்துவாள். நீண்ட அறிவுரை கூறாது, இரண்டு சொல்லில் பேசுவாள். கற்களை வரிசையாக அடுக்கும் குழந்தையை இழுத்தெழுப்பாமல், அக்கற்களைக் கொண்டே எண்ணக் கற்பிப்பாள். இவை யாவும் பல பிள்ளைகளைத் தனியே மேய்க்கும் ஒருத்தியால் இயல்வதன்று. இன்னொரு கை வேண்டும். அதனைத் தருவது நிர்வாகத்தின் கடமை.

தாயிடமும் கேட்டறிய வேண்டுவன பல. எவ்வொலிக்குப் பிள்ளை நடுங்கும், எத்துணியைப் பற்றினால் அமையும் என்பதை அவளே அறிவாள். நண்பகலில் கொழுந்து நிறுத்துவிட்டு அவள் மடுவத்து வாசலுக்கு வரும் சில நிமிடங்கள் அதற்குப் போதும்.