டி.என்.எஃப் என்னும் புரதம் வந்த வழி

1975-இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டும் அவருடைய குழுவினரும் எலியின் இரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டார்கள். சில புற்றுக்கட்டிகளை அது அழித்ததால் 'கட்டி நசிவுக் காரணி' என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாக டி.என்.எஃப். 1984-இல் அதன் மனித மரபணு பிரித்தெடுக்கப்பட்டதும் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகமே நம்பியது. உடம்பில் செலுத்தியபோதோ கடுங்காய்ச்சல் வந்தது, இரத்த அழுத்தம் சரிந்தது. நம்பிக்கை பொய்த்தது.

அதன் கதை லண்டனில் திசை மாறியது. மார்க் ஃபெல்ட்மனும், பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த ரவிந்தர் மைனியும் முடக்குவாத நோயாளிகளின் மூட்டுச்சவ்வுச் செல்களை ஆராய்ந்தார்கள். பல அழற்சிப் புரதங்கள் அங்கே பெருகிக் கிடந்தன. டி.என்.எஃப் ஒன்றை மட்டும் தடுத்ததும் இன்னொரு அழற்சிப் புரதமான இன்டர்லூக்கின்-1 சுரப்பதும் குறைந்தது. மற்றவற்றை ஏவிவிடுவது இதுதான் என்பது 1989-இல் தெளிவானது. 1992-இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு, டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைக் கொடுத்தார்கள். வீக்கம் வற்றியது, வலி தணிந்தது.

2002-இன் கடைசியில், அதேபோல் டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு ஒப்பான மருந்தை 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் குறைந்த விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மருந்து வந்தது இப்படி; முடக்குவாத நோயோ தூத்துக்குடியை அடுத்த நம் மாப்பிள்ளையூரணிக்கு எப்போதோ வந்துவிட்டது. நம் பக்கத்தில் அதைச் சரவாங்கி என்பார்கள். விடிந்து எழுந்தால் விரல்கள் மடங்காது. விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே மூட்டுச்சவ்வு தடித்து, குருத்தெலும்பை அரித்து, எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். உப்பளத்தில் உப்பு வாருகிற கைக்கு இது வந்தால் அன்றாடக் கூலியே போய்விடும்.

இந்த அழற்சியை ஏவிவிட்டாலும் டி.என்.எஃப் நமக்கு எதிரி அல்ல. நுரையீரலில் பதுங்கியிருக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இன்ஃப்ளிக்சிமாப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. காசநோய் மிகுந்த நம் நாட்டில், மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் முடிக்காமல் இந்த ஊசியைத் தொடவே கூடாது.

எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது. வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே பலருக்கு நோயைக் கட்டுக்குள் வைக்கும். வலிமாத்திரையால் வலி குறையும். எலும்பு அரிப்பது நிற்காது. ஆகவே, விரல் மூட்டுகளில் வீக்கமும் காலை விறைப்பும் ஆறு வாரம் நீடித்தால், வயசுக் கோளாறு என்று தள்ளிப்போடாமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். அரித்த எலும்பை எந்த ஊசியும் திருப்பித் தராது.